ஒரே வம்சம்

உக்காருங்க மேடம். பாய் மழையில நனைஞ்சுபோச்சு, அந்த சிமெண்ட் பையை ரெண்டா மடிச்சுப் போட்டுக்கங்க. எலியைப் பத்திக் கேக்க வந்தவங்க எல்லாரும் வாசல்ல நின்னுக்கினே கேட்டுட்டுப் போனாங்க. நீங்கதான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தீங்க. அதுக்காகவே சொல்றேன்.

ஆமாம், அம்சவேணி நான்தான். தேசிங்கு சம்சாரம்னு உங்க நோட்டுல இருக்கும். அது பழைய நோட்டு. இது எங்க அண்ணன் வூடு. இங்க வந்து ரெண்டு வருசம் ஆவுது. நித்தம் சவுக்குத் தோப்புல மரம் வெட்டப் போவேன். இன்னிக்கு அமாவாசை, தோப்பு வேலை கிடையாது. அதான் என்னை வூட்டுல புடிச்சீங்க.

அந்தாளா? அந்தாளு மதுராந்தகம் பக்கத்துல ஒரு ரைஸ் மில்லுல காவலுக்கு இருக்குது. காவல்னா திருடனுக்குக் காவல் இல்ல. எலிக்கு வெஷம் வெக்கற வேலை. மாவுல மருந்தைப் பெசைஞ்சு மூட்டை சந்துல எல்லாம் உருண்டை உருண்டையா வெக்கணும், காலையில செத்ததைப் பொறுக்கிக் குழியில போடணும். எங்க இருளர் ஜனத்துல வெஷம் வெச்சு எலி புடிச்சவன் எவனும் கிடையாது. வெஷம் வெச்சா அப்பறம் இன்னாத்தைத் திங்கறது? அந்தாளு வளை வாயில குந்திக்கினு ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பாத்தா, காலி வளையா, உள்ள எத்தினி இருக்குது, குட்டி போட்டிருக்குதான்னு சொல்லிரும். அந்தக் கையி இப்ப வெஷம் பெசையுது. பெசையட்டும்.

கோவமான்னா கேக்கறீங்க? இருந்துச்சு. இப்ப அதுகூட இல்ல. கால் மரத்துப்போனா கிள்ளிப் பாப்போம் இல்ல, அது மாதிரி நான் அப்பப்ப பாப்பா பேரைச் சொல்லிப் பாப்பேன். ஜனனி, ஜனனின்னு. ஒண்ணும் ஆவாது. எழுந்து போயி அடுப்பை மூட்டுவேன். பாப்பா செத்தப்பவும் நான் அழல. இன்னும் அழல. வரும் வரும்னு எங்க அண்ணி சொல்லிக்கினே இருக்குது, கரண்ட் போனா வரும் வரும்னு சொல்ற மாதிரி.

சரி, நீங்க கேட்டதுக்கு வரேன்.

உங்க பெரிய டாக்டரம்மா எங்க காலனிக்கு வந்தது தை மாசம். அறுப்பு முடிஞ்சு வயலெல்லாம் மொட்டையா கெடந்துச்சு. டாக்டர் வந்திருக்காங்கன்னதும் ஆளாளுக்கு முட்டி வலி, இருமல்னு போயி ஜீப்புக்கு முன்னாடி வரிசையில நின்னுட்டாங்க. அந்தம்மா சிரிச்சுக்கினே, நான் ஊசி போடற டாக்டர் இல்ல, எலி குடலுக்குள்ள இருக்கற கிருமியைப் படிக்கற டாக்டர்னாங்க. அப்ப எலிக்கு சளி புடிச்சா எங்க இட்டாரணும்னு தெரிஞ்சுபோச்சுடான்னு எங்க அண்ணன் கிண்டல் பண்ணிக்கினே போச்சு.

எலி குடலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வைரஸ் இருக்குதாம். அதோட எழுத்தைப் படிப்பாங்களாம். கிருமிக்கு ஏது மேடம் எழுத்துன்னு கேட்டேன். எல்லா உசுருக்குள்ளயும் எழுத்து இருக்குது, மொத்தமே நாலு எழுத்துதான், அதை முன்ன பின்ன மாத்தி எழுதினதுதான் எலி, நெல்லு, நீ, நான் எல்லாம்னு சொன்னாங்க. எனக்கு எம்பேரே எழுதத் தெரியாது. நாலே எழுத்துன்னா நான்கூட பாஸ் பண்ணிருவேனேன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நல்ல மனுஷி. அவங்களை ஒரு குத்தம் சொல்லமாட்டேன்.

வேலை இதுதான். புதன்கிழமை நாங்க எலி புடிக்கணும், வியாழக்கிழமை காலையில ஜீப்பு வரும். மூணு எடத்துல புடிக்கச் சொன்னாங்க. ஏரிக்கரை வயல்ல ரெண்டு மூணு, கல்லாங்குத்து மேட்டுல ரெண்டு, சவுக்குத் தோப்புல ரெண்டு. உசுரோட வேணும். அந்தாளு வளையைக் கடப்பாரையால இடிச்சுக்கினு போவும், நான் இன்னொரு வாயில வலையைப் புடிச்சுக்கினு குந்தியிருப்பேன். பாப்பா என் முதுகுல தூளியில தொங்கும். ஒண்ணரை வயசு. எலி வலையில வந்து வுழுந்தா கை தட்டும்.

ரெண்டு சட்டம் போட்டாங்க டாக்டரம்மா. ஒரு கூண்டுக்கு ஒரு எலிதான். அது ஒண்ணு. கூண்டுக்குள்ள ஒரு பருக்கை போடக் கூடாது, அது வெளியில இன்னா தின்னுச்சோ அதுதான் வயித்துல இருக்கணும். இது ரெண்டு. மொத சட்டத்தை ஒழுங்கா காப்பாத்தினோம். ரெண்டாவது... அது கெடக்கட்டும்.

கூண்டை வெளிய வெச்சா நாயி உருட்டும். அதனால வூட்டுக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்துல வரிசையா வெச்சோம். கொண்டாந்து வெச்சது அந்தாளு. அதை எழுதிக்கங்க. வூட்டுக்குள்ள கொண்டாந்தது அந்தாளுதான்.

அப்படி ஒரு ஆறு வாரம் போச்சு. காலையில அவங்க வந்து பள்ளிக்கொடத்துக்குப் பின்னாடி துணி கட்டி, கையுறை மாட்டி, எலியை மயக்கம் குடுத்து முடிச்சுருவாங்க. குடலை மட்டும் எடுத்துக் குட்டிக் குட்டி டியூப்புல போட்டு, புகை வர்ற ஐஸ் பெட்டியில வெச்சு மூடுவாங்க. மிச்ச எலியைக் கேட்டேன், குழம்புக்கு ஆவும்னு. தர மாட்டேன்னுட்டாங்க. வறுத்தா கோழி தோத்துப்போவும், அதைப் போயி எரிச்சாங்க.

மாசி மாசம் ஒரு செவ்வாக்கிழமை பாப்பாவுக்கு வாந்தி வந்துச்சு. சாயங்காலத்துலேருந்து வயித்தால போச்சு. காலனியில அந்த வாரம் நாலஞ்சு கொழந்தைங்களுக்கு அப்படித்தான் இருந்துச்சு, வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடுத்ததுல மத்ததுங்க தேறிடுச்சு. நாங்களும் அப்படித்தான்னு இருந்துட்டோம். புதன்கிழமை எலி புடிக்கப் போனோம். இதைச் சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரியல. போனோம். ஒத்துக்கினோமே. ஏழு எலி கெடைச்சுது அன்னிக்கு.

வியாழக்கிழமை ஜீப்பு வந்தப்ப பாப்பா கண்ணு உள்ள போயிருந்துச்சு. டாக்டரம்மா பாத்த உடனே எலியெல்லாம் அவங்க ஆளுங்களைப் பாக்கச் சொல்லிட்டு, எங்க மூணு பேரையும் ஜீப்புல ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாங்க. பாப்பா கட்டியிருந்த துணியிலேருந்து கொஞ்சம் எடுத்து அவங்க டியூப்பு ஒண்ணுலயும் போட்டுக்கினாங்க. ஆஸ்பத்திரியில நல்லாத்தான் பாத்தாங்க. ஒடம்புல தண்ணி இல்லைன்னு ஏத்தினாங்க. சனிக்கிழமை காலையில பாப்பா போயிடுச்சு.

தண்ணி குடிக்கிறீங்களா மேடம்? சொம்பு அங்க இருக்குது. கொதிக்க வெச்ச தண்ணிதான். இப்பல்லாம் கொதிக்க வெக்கறோம்.

அதுக்கப்பறம் ஆடி மாசம் டாக்டரம்மா வந்தாங்க, தனியா, ஒரு பேப்பரோட. எங்க ரெண்டு பேரையும் எதுக்க உக்கார வெச்சாங்க. நாலு மாசமா அந்த நாலு எழுத்தைப் படிச்சிருக்காங்க. என் கையைப் புடிச்சுக்கினு சொன்னாங்க.

"அம்சா, உன் கொழந்தை வயித்துல இருந்த கிருமியும், அந்த வாரம் நீங்க புடிச்ச எலிங்க வயித்துல இருந்த கிருமியும் ஒண்ணு. எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. ஒரே வம்சம்."

அது யாரு தப்பும் இல்லைன்னும் சொன்னாங்க. இனிமே உசுரோட வூட்டுக்குள்ள வெக்காதீங்க, புடிச்ச கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கன்னாங்க. எனக்கு அதெல்லாம் காதுல வுழல. ஒரே வம்சம்னதுதான் வுழுந்துச்சு. எலி வம்சமா எம்பொண்ணு? அந்த வார்த்தை காலனி முழுக்கப் போயிடுச்சு. தேசிங்கு வூட்டு எலிதான் கொழந்தையைத் தின்னுச்சுன்னு பேசிக்கினாங்க. கொழந்தைங்களை எங்க வாசப்பக்கம் விளையாட வுடல.

பேப்பர் வந்த அன்னிக்கு அந்தாளு தன் கையைப் பாத்துக்கினு குந்தியிருந்துச்சு. அந்தம்மா போனதும் போயி மண்ணைப் போட்டுக் கையைத் தேய்ச்சுது. வந்து குந்துச்சு. மறுபடி போயி தேய்ச்சுது. நான் கேட்டேன், "நீதானே உள்ள கொண்டாந்து வெச்ச?"

"ஆமா. நான்தான்," அப்படின்னுச்சு.

அவ்வளவுதான். ஏதாச்சும் சொல்லியிருந்தா நான் ஒரு கத்து கத்தியிருப்பேன். ஒத்துக்கினவனை இன்னா பண்றது? ரெண்டு பொடவையை எடுத்துக்கினு இங்க வந்துட்டேன். எங்க அண்ணி வாய் சும்மா இருக்காது. எலிக்குப் பயந்துக்கினு வூட்டைக் கொளுத்தினவ நீன்னு சொல்லும். எலி வளையானாலும் தனி வளை வேணும்டின்னும் சொல்லும். எனக்கு எந்த வளையும் வேணாம். வூடு பூட்டிக் கெடக்குது. அந்தாளும் அங்க போவறதில்ல, மில்லுலயே படுத்துக்குது. எலி திங்கறதையும் வுட்டுடுச்சாம்.

அமாவாசைன்னா மில்லு லீவு. அன்னிக்கு வரும். ஒரு மணி பஸ்ஸுல எறங்கி, அதோ தெரியுது பாருங்க கொழாய், அங்கதான் வந்து நிக்கும். உள்ள வராது. பொரி உருண்டை ஒரு பொட்டலம் கொண்டாரும், பாப்பா எச்சி ஒழுக ஒழுக வெச்சு சப்பும் அதை. பொட்டலத்தைக் கொழாய் மேடையில வெச்சுட்டு நிக்கும். நான் திரும்பிப் பாக்கமாட்டேன். உள்ள வா, குந்துன்னு சொன்னதில்ல. ஒரு வாய் சோறு போட்டதில்ல. கொழாயில தண்ணி வந்தா குடிச்சிட்டுப் போவும், வரலைன்னா அப்படியே போவும். ரெண்டு வருசமா ஒரு அமாவாசை தப்பல.

இன்னா மேடம்? அந்த ஒரு வாரம் மட்டுமா?

ஓ. அது எனக்குத் தெரியாதே. அப்ப மத்த வாரம் புடிச்ச எலி எதுலயும் அந்தக் கிருமி இல்லையா? முன்னாடி வாரமும் இல்ல, அதுக்குப் பின்னாடி வேற ஆளுங்க புடிச்சதுலயும் இல்ல. அந்த ஏழுல மட்டும். ஏழுலயும். நீங்க சொல்றது சரிதான், ஏரிக்கரை எலி கல்லாங்குத்துக்குப் போவாது. நடுவுல ரோடு இருக்குது, வாய்க்கால் இருக்குது. அதுங்களுக்குள்ள ஒட்டு உறவு கிடையாது. ஒரே நாள்ல ஏழுக்கும் எப்படி வரும்? இதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?

அந்த வாரம் வித்தியாசமா எதுவும் பண்ணல மேடம். எப்பவும்போலத்தான். புடிச்சோம், கொண்டாந்தோம், கூண்டுக்கு ஒண்ணா வுட்டோம், பொழுது சாயச்சொல்ல கஞ்சி ஊத்தினேன், காலையில...

ஆமாம். கஞ்சி.

திட்டாதீங்க. டாக்டரம்மாகிட்டயும் சொல்லாதீங்க. அவங்க அத்தினி தடவை சொல்லியும் கேக்கலையேன்னு வருத்தப்படுவாங்க. எங்க வழக்கம் அப்படி. வயல்ல புடிச்சா வயல்லயே கழுத்தைத் திருகி முடிச்சிருவோம், அதுக்குப் பாவம் கிடையாது. வூட்டுக்குள்ள உசுரோட வந்துட்டா அது விருந்தாளி. சாகப்போற உசுரைப் பட்டினியா அனுப்பினா அந்தப் பசி நம்ம அடுப்புல வந்து குந்திக்கும்னு சொல்லுவாங்க. அந்தாளுக்குக்கூடத் தெரியாது. அது குளிக்கப் போவச்சொல்ல ஒவ்வொரு கூண்டுக்கும் ரெண்டு கரண்டி ஊத்திருவேன். காலையில தொடைச்சு வெச்சுருவேன். ஆறு வாரமும் ஊத்தினேன், ஒண்ணும் ஆவல. அதான் சொல்றேன், அது ஒண்ணும் பெரிசில்ல.

அன்னிக்கா? அன்னிக்கு எந்தக் கஞ்சின்னா? பாப்பாவுக்கு வெச்ச கஞ்சிதான். வேற எங்க இருந்துச்சு வூட்டுல? பாப்பாவுக்குக் கிண்ணத்துல ஊத்தி வெச்சேன். ரெண்டு வாய் வாங்குச்சு, கக்கிடுச்சு. அப்பறம் கையை உள்ள வுட்டு அளைஞ்சுக்கினே இருந்துச்சு. கையை எடுத்து வாயில வெக்கும், மறுபடி கஞ்சியில வுடும். எனக்குத் திட்ட மனசு வரல, வெளையாடுதேன்னு சந்தோசமா இருந்துச்சு. மிச்சத்தைக் கொட்ட மனசு வரல. பாப்பா கிண்ணத்துல மிச்சம் இருந்ததைத்தான் ஏழு கூண்டுக்கும் பங்கு போட்டு ஊத்தினேன்.

ஏன் மேடம் எழுதறதை நிறுத்திட்டீங்க?

மேடம்?

மெதுவா சொல்லுங்க. எனக்கு ஒரே தடவையில ஏறாது. செவ்வாக்கிழமை பாப்பாவுக்கு வந்துச்சு. ஆமாம். புதன்கிழமைதான் எலி வந்துச்சு. ஆமாம். செவ்வாக்கிழமை அந்த ஏழு எலியும் வளையில இருந்துச்சு, எங்க வூட்டையே பாக்கல. ஆமாம், அதுவும் சரிதான். முன்னாடி வாரம் வூட்டுல இருந்த எலி எதுலயும் அந்தக் கிருமி கிடையாது. இதை நீங்க இப்பதான் சொன்னீங்க.

அப்ப, பாப்பா கையிலேருந்து கஞ்சிக்கு. கஞ்சியிலேருந்து எலிக்கு.

எலிகிட்டேருந்து பாப்பாவுக்கு வரல. பாப்பாகிட்டேருந்து எலிக்குப் போயிருக்குது.

ஒரே வம்சம்னுதான் அவங்க சொன்னாங்க. எது பெத்தது, எது பொறந்ததுன்னு அவங்க சொல்லல. நாங்களும் கேக்கல.

பாப்பாவுக்கு எங்கேருந்து வந்துச்சு அப்ப? தண்ணியா இருக்கலாம். பக்கத்துக் கொழந்தைங்ககிட்டேருந்து இருக்கலாம். தெரியாதுன்றீங்க. சரி மேடம். இத்தினி பேர் வந்ததுல தெரியாதுன்னு சொன்னவங்க நீங்க ஒருத்தர்தான்.

இல்ல, நான் ஊத்தினதால பாப்பா சாகலைன்னு நீங்க சொல்ல வேணாம், அது எனக்குப் புரியுது. எனக்கு வேற கணக்கு ஓடுது. நான் கஞ்சி ஊத்தாம இருந்திருந்தாலும் பாப்பா போயிருக்கும். ஆனா எங்க வூட்டுக்காரர் இருந்திருப்பார். எலியில ஒண்ணும் இருந்திருக்காது, பேப்பர்ல ஒண்ணும் வந்திருக்காது, நாங்க ரெண்டு பேரும் ஒரே வூட்டுல குந்தி அழுதிருப்போம். டாக்டரம்மா திட்டுவாங்களேன்னு இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லாம மறைச்சு வெச்சேன். நான்தான்னு அவர் ஒத்துக்கினப்பகூட நான் சொல்லல. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல மேடம்.

பாருங்க, இப்பகூட அழுகை வரல.

அந்த ஏழு குடலும் இன்னும் ஐஸ் பெட்டியில இருக்குதா? இருக்கட்டும். தூக்கிப் போட்டுடாதீங்க. பாப்பா சாப்பிட்ட கடைசிக் கஞ்சி அதுலதான் இருக்குது.

நீங்க மில்லுக்குப் போயி அவர்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். மணி இன்னா ஆவுது? பன்னெண்டே காலா?

சாகப்போற எலிக்கு ஊத்தினேன் மேடம். அந்த மனுசன் ரெண்டு வருசமா கொழாயடியில வந்து நிக்குது, அவருக்கு ஊத்தல.

கொஞ்சம் நகந்து உக்காருங்க. அடுப்பு உங்களுக்குப் பின்னாடி இருக்குது. ஒரு மணி பஸ்ஸு வந்துரும், அரிசி போடணும்.